மூன்றாவது அறிவிப்பு

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

நீ என் முகத்தில் கதவைச் சாத்தியது சரிதான். துக்க வீட்டுக்குச் சீருடையோடு வந்து நின்றது என் மடத்தனம். டூட்டி முடிந்ததும் நேரே வந்துவிட்டேன், மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தோன்றவே இல்லை. வாசலில் நின்ற மில்காரர்கள் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். இரண்டு அடி போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போனில் பேசலாம் என்றால் அதை இலாகா வாங்கி வைத்துக்கொண்டது. மில் வாசலில் துப்பாக்கிச் சூடு நடந்த அன்று எங்கள் போலீஸ் வேனில் இருந்த எல்லோருடைய போனும் ஒரு உறைக்குள் முத்திரை வைத்துக் கிடக்கிறது. என்னை வேறு ஊர்ப் படைப்பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். "விசாரணை முடியற வரைக்கும் சாட்சிங்க யார்கிட்டயும் பேசக் கூடாது" என்று உத்தரவு. இறந்தவரின் மனைவி சாட்சியில் சேர்த்தியா என்று அதிகாரியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால் கடிதம். பதில் எழுத மனம் வந்தால் கீழே உள்ள முகவரிக்கு எழுது. எங்கள் வேன் டிரைவர் அண்ணனின் மாமனார் வீடு அது, அவர் என்னிடம் சேர்த்துவிடுவார்.

மாமா விஷயத்தில் நான் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நான் சுடவில்லை. என்னிடம் துப்பாக்கியே கிடையாது. என் வேலை மைக். அட்டையில் அச்சடித்துக் கொடுத்திருப்பதை மூன்று முறை படிக்க வேண்டும், படித்தேன். முதலில் எச்சரிக்கை, பிறகு கண்ணீர்ப்புகை, பிறகு தடி, உயிருக்கு ஆபத்து என்று வந்து வேறு வழியே இல்லாமல் போனால்தான் துப்பாக்கி, அதுவும் இடுப்புக்குக் கீழே. இதுதான் சட்டம் சொல்லும் வரிசை. அன்றைக்கு மற்றதெல்லாம் எந்த வரிசையில் நடந்தது என்று என்னைக் கேட்காதே. முதல் படி என்னுடையது, அதைச் செய்தேன்.

எச்சரித்த பிறகு மாமா கலைந்து போயிருக்க வேண்டும் அக்கா. அத்தனை பேர் நின்ற இடத்தில் நிற்க, அவர் மட்டும் ஏன் முன்னால் வந்தார் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாளா?

உன் தம்பி

பிப்ரவரி 17

தம்பி,

கலைந்து போயிருக்க வேண்டும் என்று எழுத உனக்குக் கை வந்ததே, அதை முதலில் சொல். கிழித்துப் போடலாம் என்றுதான் நினைத்தேன். பிறகு, இவன் இன்னும் என்னவெல்லாம் எழுதுகிறான் பார்ப்போம் என்று வைத்துக்கொண்டேன்.

அவர்கள் எதற்காக அந்த மில் வாசலில் நின்றார்கள் என்பது உனக்கு ஞாபகம் இருக்கிறதா, அல்லது அது அட்டையில் இல்லையா? கொதிகலன் வெடித்து இரண்டு பேர் வெந்து செத்தார்கள். அதையே ஒட்டுப் போட்டு மறுபடி மூட்டப்போகிறார்கள் என்று தெரிந்துதான் போய் நின்றார்கள். சாகக் கூடாது என்று போய் நின்றவர்கள். அவர்களில் நான்கு பேரைக் கொன்றீர்கள்.

பேப்பரில் உங்கள் இலாகா கொடுத்த அறிக்கை வந்திருக்கிறது. மாமாவைப் பற்றி ஒரு வரி. "வலது கையை ஓங்கியபடி காவல் வாகனத்தை நோக்கிப் பாய்ந்து வந்தவர்." பாய்ந்து வந்தாராம். முழங்கால் வலியோடு நம் வீட்டு மாடிப்படி ஏற அவர் பட்ட பாடு உனக்குத் தெரியாதா? பேருந்தையே ஓடிப் பிடிக்காத மனுஷன்.

காலை விடு, கைக்கு வா. கொதிகலன் பக்கத்திலேயே நின்று நின்று காது போனவர். யார் பேசினாலும் கிட்டே போய், கோழி மாதிரித் தலையைச் சாய்த்து, வலது கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் கேட்பார். கல்யாணமான புதிதில் அப்பா பேசும்போது அப்படித்தான் முகத்துக்கு நேரே போய் நின்றார். அப்பா மிரண்டு பின்னால் போய் நாற்காலியில் இடித்துக்கொண்டார். அதை நீதான் கையைக் காதில் வைத்து நடித்துக் காட்டி, அவரையே வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தாய். போலீசுக்கு அது ஓங்கிய கை. உனக்குமா?

செவிட்டு வீடு என்று தெருவில் எங்களுக்குப் பெயர். கத்தியே பேசிப் பழகிவிட்டோம். சின்னவள் இப்போதும் கத்தித்தான் பேசுகிறாள். நேற்று "அம்மா, என் சீப்பு எங்க?" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இனிமே எதுக்குடி கத்தறே?" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் கேட்டிருப்பாள். பிள்ளை அன்று முழுக்க வாயே திறக்கவில்லை.

நான் வேலைக்குப் போகிறேன். பேருந்து நிலையத்து டிக்கெட் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து நானும் நாளெல்லாம் மைக்கில்தான் பேசுகிறேன். வெளியே நிற்பவருக்குக் கேட்கவில்லை என்றால் திரும்பச் சொல்வேன். எரிந்து விழுந்தாவது சொல்வேன்.

அன்று நீ வேனுக்குள் இருந்து என்ன பார்த்தாய்? எழுதுவதானால் அதை எழுது.

அக்கா

பிப்ரவரி 24

அக்காவுக்கு,

நீ நினைப்பது போல நான் எதையும் மறைக்கவில்லை. அறிவிப்பு படிக்கும்போது அட்டையைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும், மனப்பாடமாகச் சொல்லக் கூடாது என்பது விதி. ஒரு வார்த்தை மாறினால் நாளைக்குக் கோர்ட்டில் அதைப் பிடித்துக்கொள்வார்கள். அதனால் என் கண் அட்டையில் இருந்தது.

நான் கொடுத்த வாக்குமூலம் இது: "கூட்டத்தினர் கலைந்து செல்லுமாறு மூன்று முறை தெளிவாக அறிவித்தேன்." இதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. வேனுக்குள் ஒரு கேமரா உண்டு, அதில் நான் படித்தது எல்லாம் பதிவாகியிருக்கிறது. எனக்கே போட்டுக் காட்டினார்கள். திக்கல் திணறல் ஒன்றும் இல்லை. "செய்தி வாசிக்கிற மாதிரி இருக்குய்யா" என்று பெரிய அதிகாரி தோளில் தட்டினார். உன்னிடம் பெருமைக்குச் சொல்லவில்லை. விசாரணைக் கமிஷன் நீதிபதி கேட்கப்போவதும் அந்தப் பதிவைத்தான்.

நான் வாக்குமூலத்தை மாற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். முன்னால் சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா என்று என்னையே குடைவார்கள். வேலை போகும், அதோடு வழக்கும் வரும். அம்மாவின் மருந்துச் செலவு முதல் என் வீட்டு வாடகை வரை எல்லாம் இந்தச் சீருடையில்தான் ஓடுகிறது. அன்று எங்கள் வேன் போலீஸ் வரிசைக்கு முன்னால் நின்றது, எதிரே ஆயிரம் பேர். உள்ளே உட்கார்ந்திருந்த எங்களுக்கும் பயம்தான். அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்.

மாமா மேல் எனக்கு எவ்வளவு மரியாதை என்று உனக்குத் தெரியும்.

தம்பி

மார்ச் 3

தம்பி,

உன் மரியாதையைக் கொண்டுபோய் உடைப்பில் போடு.

தொழிற்சங்கம் எங்களுக்கு ஒரு வக்கீல் அம்மாவை வைத்திருக்கிறது. பொறுமைசாலி. சட்டத்தை எனக்குக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "எச்சரிக்கைங்கிறது சடங்கு இல்லம்மா. யாரை எச்சரிக்கிறமோ அவங்களுக்குக் கேக்கணும், புரியணும், விலகிப் போக நேரம் கொடுக்கணும். அதுக்கப்புறமும் ஒரு உயிரைக் காப்பாத்த வேற வழியே இல்லேன்னாத்தான் சுடலாம். கூட்டத்தைக் கலைக்கிறதுக்காக ஆளைக் கொல்ல எந்தச் சட்டமும் இடம் கொடுக்கல" என்றார். கேட்க நன்றாக இருந்தது. கூடவே இன்னொன்றும் சொன்னார். கடமையில் இருப்பவர் நல்லெண்ணத்தோடு செய்தால் அது குற்றமாகாது என்று ஒரு பிரிவு இருக்கிறதாம். சுட்டவருக்கு ஆபத்து இருந்ததா என்பதோடு, ஆபத்து இருப்பதாக அவர் நம்பினாரா என்றும் பார்ப்பார்களாம். குண்டு மாமாவின் கழுத்தில் பாய்ந்திருக்கிறது. இடுப்பு எங்கே, கழுத்து எங்கே. அதற்குப் பெயர் நல்லெண்ணம்.

இப்போது நான் கேட்பதற்கு நேராகப் பதில் சொல். பூசி மெழுகாதே. மில் வாசலில் நின்ற ஒருவருக்குக்கூட நீ படித்தது கேட்கவில்லை. முன்வரிசையில் நின்றவர்களையும் கேட்டுவிட்டேன். யாரோ பானைக்குள் பேசுவது மாதிரி இருந்தது என்கிறார்கள். இவர்கள் எல்லோருமா கொதிகலன்காரர்கள், எல்லோருக்குமா காது போயிற்று? அலுவலகத்தில் கணக்கு எழுதும் பெண்களும் அங்கே இருந்தார்கள். அவ்வளவு பெரிய ஒலிபெருக்கியில், செய்தி வாசிக்கிற குரலில், நீ படித்தது எங்கே போயிற்று?

உனக்குத் தெரியும். தெரியாமல் நீ இவ்வளவு நீளமாக எழுத மாட்டாய். சின்ன வயதில் பாத்திரம் எதையாவது உடைத்தாலும் உனக்கு இப்படித்தான் பேச்சு நீளும்.

அக்கா

மார்ச் 12

அக்கா,

இதைப் படித்ததும் எரித்துவிடு. வக்கீலிடம் காட்டாதே.

மில்லுக்குப் போகும் வழியில் தாழ்வான ரயில் பாலம் இருக்கிறதல்லவா? எங்கள் வேன் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள். நிமிர்ந்த வாக்கில் விட்டால் பாலத்தில் இடிக்கும். ஒரு தடவை இடித்து உடைந்து, டிரைவர் அண்ணன் சம்பளத்தில் பிடித்தார்கள். அதிலிருந்து பாலம் வந்தால் இறங்கி, திருகைத் தளர்த்தி, இரண்டையும் பின்பக்கம் பார்க்கச் சாய்த்துவிடுவோம். தாண்டியதும் திருப்பி வைப்போம். அன்று பாலத்தைத் தாண்டும்போதே வயர்லெஸ்ஸில் அவசரம் அவசரம் என்று ஒரே கூப்பாடு. திருப்பி வைக்கவில்லை. ஸ்பீக்கர் இரண்டும் பின்னால் நின்ற எங்கள் பேருந்துகளையும் வெறும் ரோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தன.

முதல் அறிவிப்பைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் குரல் எனக்கே முதுகுப்பக்கமிருந்து வந்தது. மைக்கை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்த இன்ஸ்பெக்டரிடம் சொன்னேன். "சார், ஸ்பீக்கர் பின்னாடி பாத்துக்கிட்டு இருக்கு. இறங்கித் திருப்பிடறேன், ரெண்டு நிமிஷம்."

அவர் கேமராவைக் காட்டினார். "உள்ள ரெக்கார்ட் ஆகுதில்ல? நீ படி."

நான் படித்தேன். அவ்வளவுதான் நடந்தது. கேமராவுக்கு ஒலி மைக்கிலிருந்துதான் போகிறது, அதை மூடிப் பேசியதால் அந்தப் பேச்சு பதிவில் சரியாக இல்லை.

போன வாரம் இன்ஸ்பெக்டர் இங்கே வந்திருந்தார். தோளில் கை போட்டு வெளியே கூட்டிப்போனார். மிரட்டவில்லை. "நம்ம எல்லாரும் ஒரே வேன்ல இருந்தோம்யா. நான் இறங்கினா நீயும் இறங்கித்தான் ஆகணும்" என்றார். என் மனைவியின் பிரசவம் எப்போது என்று கேட்டார். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்து யோசித்து எனக்குத் தூக்கம் போயிற்று.

உனக்குத் தெரிய வேண்டும் என்றாய், தெரிந்துகொண்டாய். கூண்டில் ஏறி இதைச் சொல் என்று மட்டும் கேட்டுவிடாதே.

தம்பி

மார்ச் 20

தம்பி,

எரித்துவிட்டேன். வக்கீல் அம்மாவிடம் காட்டவில்லை. சமையலறையில் நின்று அது கருகுவதைப் பார்த்தபோது, பத்து மாதம் சுமந்தவள் போல உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்ததற்கு இதுதான் பலனா என்று அழுகை வந்தது. அழுதேன். அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் பயம் எனக்குப் புரிகிறது. புரியவில்லை என்று சொன்னால் அது பொய். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளைப் பற்றி அந்த ஆள் விசாரித்தான் என்று படித்ததும் நானே எழுந்துபோய் வாசல் கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்தேன். ஆனாலும் கேட்கிறேன். போய்ச் சொல். நான் கேட்காவிட்டால் வேறு யார் உன்னிடம் கேட்பார்கள்?

இதுவரை உனக்கு எழுதாமல் மென்று விழுங்கிய விஷயம் ஒன்று இருக்கிறது. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். சுருட்டையைத் தெரியுமல்லவா, உன் மாமாவோடு கொதிகலன் அறையில் வேலை பார்ப்பவர், தலைமுடியை வைத்து எல்லோரும் அப்படிக் கூப்பிடுவார்களே? அன்று அவர்தான் மாமாவுக்குப் பக்கத்தில் நின்றார். அடக்கம் முடிந்த பிறகு என்னிடம் வந்து சொன்னார். வக்கீல் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறார். கமிஷனில் அவரைக் கூப்பிடப்போகிறார்கள். கூடத்தில் பத்துப் பேருக்கு நடுவில் உட்கார்ந்து நீ முதல் தடவையாக அதைக் கேட்கக் கூடாது. அதனால் நானே சொல்கிறேன். உட்கார்ந்து படி.

வேனிலிருந்து என்னவோ சத்தம் வந்ததும் எல்லோரும் என்ன, என்ன என்று ஒருவரை ஒருவர் கேட்டிருக்கிறார்கள். மாமா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாராம். பிறகு முகம் மலர்ந்து போயிற்றாம். "டேய், நம்ம மச்சான் குரல்டா அது. என்னமோ சொல்றான். இருங்க, போய்க் கேட்டுட்டு வந்துடறேன்" என்று கிளம்பியிருக்கிறார். சுருட்டை சட்டையைப் பிடித்து, "போகாதண்ணே, துப்பாக்கியோட நிக்கறானுங்க" என்றாராம். "நம்ம ஆளு உள்ள இருக்கான்டா, என்ன ஆயிடப்போகுது?" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

உன்னைப் பழி சொல்ல இதை எழுதவில்லை. இந்த ஒன்றை மட்டும் நான் சொல்லி நீ நம்ப வேண்டும். எச்சரிக்கையை மீறி முன்னால் வந்த கலகக்காரன் என்று அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாளைக்குச் சின்னவள் வளர்ந்து அதைப் படிப்பாள். அவர் மச்சான் பேச்சைக் கேட்க வந்த மனுஷன். எனக்கு அது திருத்தி எழுதப்பட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அக்கா

ஏப்ரல் 2

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த நாளிலிருந்து நான் சரியாக இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. மருத்துவ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் படுத்துக் கிடந்தேன். இப்போது தேறிவிட்டேன். சாட்சி சொல்லப்போகிறேன். இன்ஸ்பெக்டர் சொன்னதையும் சொல்லப்போகிறேன். மனைவியை அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சொல்லிடுங்க, சொல்லாம வந்தீங்கன்னா பொறக்கப்போறது உங்க முகத்தைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்" என்றாள்.

அடுத்த வாரம் என் முறை. நீயும் அங்கே இருப்பாய். அதற்கு முன் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ எனக்குச் செய்ததையே நான் உனக்குச் செய்கிறேன்.

மாமா ஏன் முன்னால் வந்தார் என்று புரியவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதினேன். அது பொய். கண் அட்டையில் இருந்தது என்றதும் பாதிப் பொய்தான். இரண்டாவது அறிவிப்பு முடிந்து நிமிர்ந்தபோது கூட்டத்திலிருந்து ஒருவர் தனியாக வருவது தெரிந்தது. நடையிலேயே மாமா என்று தெரிந்துவிட்டது. ஓடவில்லை. அவருடைய வழக்கமான நடைதான். கை காதில் இருந்தது. கையில் கல் கிடையாது, ஒன்றும் கிடையாது. என்னைப் பார்த்து, "மச்சான், ஒண்ணும் கேக்கல, என்ன சொல்றே?" என்றார். என் பக்கத்துக் கண்ணாடி பாதி இறக்கியிருந்தது. தெளிவாகக் கேட்டது.

மைக் என் கையில் இருந்தது அக்கா. அட்டையில் இல்லாத ஒரு சொல்லும் அதில் பேசக் கூடாது என்பது விதி. பயிற்சியில் இதற்காகவே தண்டனை வாங்கியிருக்கிறேன். இன்ஸ்பெக்டர் "வரான் பார், வரான் பார், படி, படி" என்று என் முட்டியில் தட்டிக்கொண்டே இருந்தார். மாமா என்ன சொல்றே என்று கேட்டார். நான் அதற்கு மூன்றாவது அறிவிப்பைப் படித்தேன். "இது சட்டவிரோதக் கூட்டம் என அறிவிக்கப்படுகிறது. அனைவரும் உடனடியாகக் கலைந்து செல்லவும். தவறினால் பலப்பிரயோகம் செய்யப்படும், தேவைப்பட்டால் துப்பாக்கிச் சூடும் நடத்தப்படும்." அவர் இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தார். கேட்கவில்லை என்றால் கிட்டே வருவதுதானே அவர் பழக்கம். நான் கடைசி வரியில் இருக்கும்போது சுட்டார்கள்.

மாமாவைச் சுட்டவர் படையில் புதிதாகச் சேர்ந்தவர். ஓங்கிய கையைத்தான் பார்த்தேன் என்று சொல்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தக் கை என்ன என்பது அங்கே நின்ற போலீசில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

கூண்டில் இதையெல்லாம் சொல்வேன். அதன்பிறகு நீ என் முகத்தில் விழிக்காவிட்டாலும் சொல்வேன்.

தம்பி

ஆகஸ்ட் 19

தம்பி,

கமிஷன் அறிக்கை வந்துவிட்டது. வக்கீல் அம்மா ஒரு பிரதி வாங்கிக் கொடுத்தார். உனக்கு யாரும் அனுப்பியிருக்க மாட்டார்கள். வேலையை விட்டு நீக்கியவனுக்கு எதற்கு அனுப்புவார்கள்? முன்னுக்குப் பின் முரணாகச் சாட்சி சொன்னதாக உன்மேல் போட்டிருக்கும் வழக்கை அந்த அம்மாவே நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார். குழந்தை உன் ஜாடையா, அவள் ஜாடையா? பெண் என்று கேள்விப்பட்டேன். நல்லபடியாக இருக்கட்டும்.

ஏப்ரலில் நீ கூண்டில் நின்று பேசியதை மூன்றாவது வரிசையில் இருந்து கேட்டேன். நீ ஒன்றையும் விடவில்லை. முடிந்ததும் உன்னிடம் வராமல் போய்விட்டேன், என்னால் முடியவில்லை. அரசுத் தரப்பு வக்கீல் கடைசியில் உன்னை ஒரே ஒரு கேள்வி கேட்டாரே, "இறந்தவருக்கு உங்க குரல் கேட்டுதா இல்லையா? ஆமா, இல்லன்னு மட்டும் சொல்லுங்க" என்று? நீ "குரல் கேட்டுச்சு, ஆனா" என்று ஆரம்பித்தாய். "போதும்" என்று உட்கார்ந்துவிட்டார். அவர் ஏன் அவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்தார் என்று அன்று எனக்குப் புரியவில்லை. இப்போது புரிந்தது. அறிக்கையில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

"இறந்தவர், ஒலிபெருக்கியில் பேசியவரின் குரலை அடையாளம் கண்டுள்ளார் என்பது அவருடன் பணியாற்றியவரின் சாட்சியத்தாலும், அவர் அக்குரலுக்குப் பதில் கூறியுள்ளார் என்பது காவலரின் சாட்சியத்தாலும் ஐயமற நிறுவப்படுகிறது. எனவே, எச்சரிக்கை கூட்டத்தினரைச் சென்றடையவில்லை என்ற வாதம் ஏற்கத்தக்கதல்ல."

பார்த்தாயா? கேட்கவில்லை என்று அவர் சொன்னதே, அவருக்குக் கேட்டது என்பதற்குச் சாட்சி ஆகிவிட்டது. சுருட்டையும் நீயும் உண்மையைச் சொன்னீர்கள். சொல்லு சொல்லு என்று உன்னைப் பிடித்துத் தள்ளியவள் நான். மூன்று பேருமாகச் சேர்ந்து அவர்களுக்கு வேண்டியதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம்.

மீதியையும் எழுதிவிடுகிறேன். சுட்டவர் தம் உயிருக்கு ஆபத்து என்று நல்லெண்ணத்துடன் நம்பினார். இன்ஸ்பெக்டர் சொன்னதாக நீ சொன்னதற்கு வேறு ஆதாரம் இல்லை. டிரைவர் அண்ணன் தாம் எதையும் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டார், அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. கடைசியில் பரிந்துரை என்று ஒன்று உண்டு. தாழ்வான பாலங்களைக் கடந்ததும் ஒலிபெருக்கி பார்க்கும் திசையைச் சரிபார்க்க வேண்டுமாம். நான்கு பேர் போன பிறகு அவர்கள் கண்டுபிடித்தது இது.

வக்கீல் அம்மா மேல் கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார். போவோம். வருடக்கணக்காகும் என்று அவரே சொல்கிறார். சின்னவளை என்ன சொல்லி வளர்ப்பது என்று கேட்டேன், "உண்மையைச் சொல்லி" என்றார். அதைத்தானே எல்லோரும் சொன்னோம்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. இருக்கிறது. மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நீ பேசாமல் இருந்தாயே, அது போகவே மாட்டேன் என்கிறது. ஒரு நாள் போகலாம். அதற்காகக் காத்திருக்காமல் குழந்தையை எடுத்துக்கொண்டு வா, சின்னவள் பார்க்க வேண்டும் என்கிறாள். கதவைச் சாத்த மாட்டேன்.

வருவதற்கு முன் எனக்கு ஒன்று எழுதி அனுப்பு. அட்டை இல்லை, இன்ஸ்பெக்டர் இல்லை, விதி இல்லை. மைக் மட்டும் உன் கையில் இருக்கிறது, ஸ்பீக்கர் நேராகப் பார்க்கிறது, மாமா காதில் கையை வைத்துக்கொண்டு வருகிறார். என்ன சொல்லியிருப்பாய்? மன்னிப்பு, சமாதானம் எதுவும் வேண்டாம். அதை மட்டும் எழுது.

அக்கா

ஆகஸ்ட் 27

அக்கா,

"மாமா, நான்தான். கிட்ட வராதீங்க, சுடப்போறாங்க. கையை இறக்கிட்டுத் திரும்பிப் போங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க மாமா, அக்கா தேடும்."

சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அட்டையில் இருப்பதைப் படிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

தம்பி